நாலடி பின்னால் ஓடியவள்

ஆர்டிஸ் ட்ரெட்டின் ஓடக் கற்றுக்கொண்டது மாட்டுக்குப் பின்னால். எங்கள் ஊரான லிண்டன்ஃபெல்டுக்கு மேற்கே, காட்டை ஒட்டி, அவள் அப்பாவுக்கு நாற்பது கறவை மாடுகள் இருந்தன. ஆதிகாலத்துப் பனிப்பாறை உருகிப் போனபோது சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் எங்கள் பக்கம்தான் கொட்டிவிட்டுப் போயிற்று. அதனால் அந்த நிலத்தில் உழுகிற வேலையைவிடக் கல் பொறுக்குகிற வேலைதான் அதிகம். வேலிக் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்காது. வாரத்துக்கு ஒரு கிடாரியாவது வேலியைச் சாய்த்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிடும். வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. ஆர்டிஸ்தான் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வீசிவிட்டு ஓடுவாள். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எந்த மேட்டில் கல் உருளும் என்பதெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே அவள் பாதத்துக்குத் தெரிந்திருந்தது.

அப்பா மாடுகளை விற்றார். ஆர்டிஸ் சீஸ் ஆலையில் வேலை பார்த்த வெர்லினைக் கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. காலை ட்ரிப் முடிந்து மாலை ட்ரிப் தொடங்கும் வரை ஆறு மணி நேரம் சும்மா கிடக்கும். மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் தூங்கினார்கள், சீட்டாடினார்கள். அவள் பஸ்ஸைக் காட்டோரம் நிறுத்திவிட்டு ஓடப் போனாள். யாரையும் துரத்தவில்லை, சும்மாதான் ஓடினாள். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள்.

எங்கள் பந்தயத்தை ஊரில் ‘ஐம்பது’ என்றுதான் சொல்வோம். ஜூன் முதல் சனிக்கிழமை, ஐம்பது மைல், முழுக்கக் காட்டுப் பாதை. மேடு, பள்ளம், வேர், உருட்டுக்கல், கொசு. அதை ஐந்து தடவை ஜெயித்தவன் கேலன் உட்கே. மெயின் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தான். நெடுநெடுவென்று உயரம், மெல்லிய குரல். ஊரில் எல்லோருடைய அம்மாவின் மாத்திரையும் அவன் கையிலிருந்துதான் வரும். பனிப்புயல் நாளில் ஆக்ஸிஜன் சிலிண்டரைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்தவன். நல்லவன் என்று பெயர் எடுத்திருந்தான். அந்தப் பெயர் பொய் என்றும் சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து ஜூனில் ஆர்டிஸுக்கு நாற்பத்திரண்டு வயது. நாற்பதாவது மைலில் கேலன் முதலாவது, அவள் இரண்டாவது, இடையில் ஒன்பது நிமிஷம். அதைத் தாண்டியதும் பிசாசுக் கிண்ணம் வரும். வட்டமாகக் குடைந்தெடுத்தது போல ஆழமான பள்ளம். பாதை அதன் ஒரு பக்கமாக இறங்கி, அடியில் உள்ள சதுப்பைச் சுற்றி, மறுபக்கம் ஏறும். மொத்தம் இரண்டு மைல். ஏறி வந்து சேரும் இடம், இறங்கத் தொடங்கிய இடத்திலிருந்து கல்லெறி தூரம்தான். யாராவது மோசம் செய்ய நினைத்தால் இறங்காமலே நேரே போய்விடலாம். அந்தக் காலத்தில் அங்கே ஆள் நிறுத்தும் வழக்கமில்லை.

அவள் மோசம் செய்யவில்லை. இறங்கினாள். பாதி இறக்கத்தில், எதிர்ச் சரிவில் கேலன் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து குமட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவளுக்கு அப்படியொரு உற்சாகம். பள்ளம் முழுக்க எதிரொலிக்கக் கத்தினாள்:

“கேலன், வர்றேன்!”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு எழுந்து, நடந்தே மேலேறினான்.

நாற்பத்தேழாவது மைலில், பாம்பு முதுகு என்று நாங்கள் சொல்லும் அந்த ஒடுங்கிய நீள மேட்டின் மேல், அவனைத் தாண்டினாள். மூன்று நிமிஷம் முன்னால் போய் முடித்தாள். ஆண், பெண் எல்லோரிலும் முதலாவது. வெர்லின் பியர் கிளாஸோடு அவளைத் தூக்கிச் சுற்றியதில் பாதி பியர் அவள் தலையில் கொட்டியது.

ஒரு மணி நேரம் கழித்துக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் அவளைக் கூடாரத்துக்குள் கூப்பிட்டார்கள். கேலன் அங்கே நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஆர்டிஸ், நாற்பதுல ஒன்பது நிமிஷம் பின்னாடி இருந்தே. நாற்பத்துநாலுல ரெண்டு நிமிஷம். அந்த எடத்துல எப்படிம்மா அவ்வளவு பிடிச்சே?” என்று ஒருவர் கேட்டார்.

“இவன் கிண்ணத்துல உக்காந்து வாந்தி எடுத்தான். நான் ஓடினேன். அவனையே கேளுங்க. என்னைப் பார்த்தான், கை காட்டினான்.”

மூன்று பேரும் கேலனைப் பார்த்தார்கள். அவன் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டான்.

“நான் மேல ஏறி நின்னு திரும்பிப் பார்த்தேன்,” என்றான், அந்த மெல்லிய குரலில். “கிண்ணத்துல யாரும் இல்ல. சொல்றதுக்கு எனக்கே சங்கடமாத்தான் இருக்கு.”

அவ்வளவுதான். அவள் பெயரை அடித்துவிட்டுப் பரிசை அவனுக்குக் கொடுத்தார்கள்.

பரிசு போனால் போகிறது. மே மாதம் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆகஸ்டிலிருந்து பெண் பிள்ளைகளின் ஓட்டக் குழுவுக்கு அவள்தான் கோச். இதற்காகவே அவள் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். ஜூலையில் கடிதம் வந்தது. ‘நேர்மை குறித்து ஐயம் எழுந்துள்ள சூழ்நிலையில்’ என்று தொடங்கியது. பஸ் ஓட்டுவதற்கு ஐயம் எதுவும் இல்லை. அந்த வேலை இருந்தது. கோச் வேலையைக் கேலன் ஏற்றுக்கொண்டான். வேறு ஆளில்லாததால் ஒத்துக்கொண்டானாம்.

அன்றிலிருந்து செப்டம்பர், அக்டோபர் வந்தால் ஆர்டிஸ் அந்தக் குழுவை வெளியூர்ப் போட்டிகளுக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாள். கேலன் அவளுக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்வான். பதினொரு வருஷம், பதினொரு இலையுதிர்காலம், அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது. போய்ச் சேர்ந்ததும் அவன் பிள்ளைகளோடு இறங்கிப் போவான். அவள் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே, தன்னுடையவர்களாக இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் தோளைக் குறுக்கிக்கொண்டு தப்பாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். மழையில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் விளையாட்டாகக் கேட்டது:

“கோச், அந்தச் சோளக்காட்டுக்குள்ள குறுக்கே பூந்து போயிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?”

“குறுக்கே போனா என்ன ஆகும்னு நம்ம டிரைவரம்மாவைக் கேளுங்க,” என்றான் கேலன்.

பஸ் முழுக்கச் சிரித்தது.  ரோடு வழுக்கியது. இருபத்திரண்டு பிள்ளைகள் உள்ளே. ஆர்டிஸ் நாற்பத்தைந்து மைல் வேகத்தை ஒரு முள் கூட்டாமல் குறைக்காமல் ஊர் வரைக்கும் ஓட்டினாள். வீட்டுக்கு வந்து, வெர்லின் வறுத்து வைத்திருந்த மீனைத் தொடாமல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவனை நான் என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியல, வெர்லின்.”

“விட்டுத் தொலையேன் ஆர்டிஸ். பந்தயம்தானே.”

“நீ விடலாம். உன்னைப் பார்த்துக் கை காட்டிட்டு அவன் பொய் சொல்லல.”

ஊரில் நம்பினவர்களும் உண்டு, நம்பாதவர்களும் உண்டு. நாளாக ஆக இரண்டு கூட்டமும் மறந்துபோயிற்று. நிஜம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஆர்டிஸ் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்தினாள். ஓடுவதை நிறுத்தவில்லை. காலை ட்ரிப் முடிந்ததும் காட்டுக்குள் போவாள். பனி முழங்கால் வரை கிடந்தாலும் போவாள். எதற்கு என்று கேட்டால் அவளிடம் அப்போது பதில் இருந்திருக்காது.

பதில் அந்த பஸ்ஸிலேயேதான் கிடைத்தது. பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவன் பேசுவதை டிரைவர் கேட்காமல் இருக்க முடியாது. அவனுக்கு இடது முழங்கால் மழைக்கு வலிக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது. பதற்றம் வந்தால் நெஞ்செரிச்சல் மாத்திரையை மிட்டாய் மாதிரி மெல்லுவான் என்பதும் தெரிந்தது. ஒரு நாள் பயந்து அழுத பிள்ளை ஒன்றிடம், சமாதானமாக, உண்மையான அன்போடு அவன் சொன்னான்:

“எனக்கும் பயம் உண்டும்மா. பின்னாடி காலடிச் சத்தம் கேட்டா வயிறு பிரட்டிடும். தாண்டிப் போயிட்டாக்கூடப் பரவாயில்ல. தாண்டாம ஒட்டியே வர்றாங்க பாரு, அதுதான் என்னால தாங்க முடியாது.”

ஆர்டிஸ் கண்ணாடியில் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில் உள்ளூர்ப் பத்திரிகையில் கேலன் படம் வந்தது. ஐம்பத்தாறு வயது. இந்த ஜூனில் இருபதாவது தடவையாக ‘ஐம்பதை’ முடிக்கப் போகிறான், பத்து மணி நேரத்துக்குள். அதோடு ஓய்வு. அவனைக் கௌரவிக்கும் விதமாகப் பிசாசுக் கிண்ணத்தைச் சுற்றும் இரண்டு மைலுக்கு ‘உட்கே சுற்று’ என்று பெயர் வைத்துக் கல் நடப் போகிறார்களாம்.

பாதையில் மீதி நாற்பத்தெட்டு மைல் இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அந்த இரண்டு மைல்!

ஆர்டிஸ் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மேஜையிலிருந்து பேனாவை எடுத்து, பதிவுத் தாளை நிரப்பினாள். வெர்லின் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“அம்பத்திமூணு வயசாச்சு உனக்கு. ஜெயிக்கப் போறியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“கூட ஓடப் போறேன்.”

ஜூன் முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புல்வெளியில் ஈரம் காயவில்லை. கொக்குகள் சதுப்பிலிருந்து கரகரவென்று கத்திக்கொண்டிருந்தன. நூற்றைம்பது பேர் கிளம்பினார்கள். முதல் மைலிலேயே ஆர்டிஸ் கேலனுக்கு நாலடி பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள்.

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “அட, ஆர்டிஸ்! எவ்வளவு நாளாச்சு! வா வா.”

“ம்.”

மூன்றாவது மைலில் ஒதுங்கி வழி விட்டான். “நீ முன்னாடி போ. நான் மெதுவாத்தான் போறேன்.”

அவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். கட்டி முடித்தும் நிமிரவில்லை. அவன் கிளம்பினான். அவளும் கிளம்பினாள். நாலடி.

அவன் வேகம் கூட்டினான், கூட்டினாள். மேட்டில் நடந்தான், நடந்தாள். பன்னிரண்டாவது மைலில் சிறுநீர் கழிக்க ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, வேண்டுமென்றே ரொம்ப நேரம் நின்றான். அவள் பாதை நடுவில் நின்று உப்புப் போட்ட உருளைக்கிழங்கை நிதானமாகச் சாப்பிட்டாள். அவன் வெளியே வந்தபோது கிழங்கு தீர்ந்திருந்தது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

“என்ன விளையாட்டு இது?” என்றான்.

“ஓடிட்டிருக்கேன். பாதை பொதுதானே?”

அதற்குப் பிறகு இருபத்தெட்டு மைலுக்கு அவள் வாய் திறக்கவில்லை.

அவளுக்கு அது சுலபமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பத்து மணிக்கு வெயில் ஏறியது. இருபத்தாறாவது மைலில் ஒரு வேர் தடுக்கிக் குப்புற விழுந்து தாடை கிழிந்தது. ரத்தம் பனியனில் சொட்டியது. அவன் திரும்பிப் பார்த்தான், ஒரு கணம் நின்றான், பிறகு சட்டென்று ஓட்டம் பிடித்தான். தப்பித்துக்கொள்ள அதுதான் தருணம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவனைப் பிடிக்க அவளுக்கு இரண்டு மைல் ஆயிற்று. முப்பத்துமூன்றாவது மைலில் வலது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ஷூவுக்குள் தனியாக நகர்வது தெரிந்தது.  தாகத்துக்குக் குடித்ததை வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை. சாதாரண நாளாக இருந்திருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். முன்னால் அந்த முதுகு போய்க்கொண்டிருந்தது. வியர்வையில் சட்டை ஒட்டிய, எலும்பு தெரிகிற முதுகு. அவள் ‘நேர்மை குறித்து ஐயம்’ என்று மனசுக்குள் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே கால் வைத்தாள். நேர்மை, குறித்து, ஐயம். நேர்மை, குறித்து, ஐயம். அது நன்றாகத் தாளத்தில் வந்தது.

கேலன் மாத்திரை மெல்லத் தொடங்கியிருந்தான். ஐந்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கை பாக்கெட்டுக்குப் போயிற்று. நாற்பதாவது மைலில் தண்ணீர் கொடுத்தவர்கள், “மணி சரியாத்தான் போய்ட்டிருக்கு கேலன், பத்துக்குள்ள முடிச்சிருவே,” என்றார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

பிசாசுக் கிண்ணத்தில் இறங்கினார்கள். அடியில் சதுப்பில் தவளை கத்தியது. மறுபக்கச் சரிவில் அவன் ஏறத் தொடங்கியதும் ஆர்டிஸ் பள்ளத்தின் அடியிலேயே நின்றுவிட்டாள். காலடிச் சத்தம் நின்றது. அவன் பத்தடி, இருபதடி, ஐம்பதடி ஏறினான். விட்டுவிட்டாள் என்று நினைத்துத் தோளைத் தளர்த்தினான். அப்போது கீழேயிருந்து குரல் வந்தது:

“கேலன், வர்றேன்!”

பதினொரு வருஷத்துக்கு முன்பு கேட்ட அதே சொல், அதே இடம். அவன் கால் இடறி முழங்காலில் விழுந்தான். இடது முழங்கால். எழுந்து, கையையும் ஊன்றிக்கொண்டு, நாலுகால் பிராணி மாதிரி மேலேறினான். அவன் வாயிலிருந்து அழுகையா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவள் அவசரமில்லாமல் ஏறி வந்து, நாலடியில் சேர்ந்துகொண்டாள்.

நாற்பத்துநாலாவது மைலில், ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் கூடாரத்தில், ஜெனீவ் பாட்ச் தர்பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் சமைத்தவள், இரண்டு பேருக்கும் வேண்டியவள். பக்கத்தில் வயர்லெஸ் பெட்டியோடு டெல்மர் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு கூடாரத்திலும் அப்படி ஒருவன் இருப்பான். யார் வந்தார்கள், யார் விழுந்தார்கள் என்று மற்ற எட்டுக் கூடாரங்களுக்கும் முடிவிடத்துக்கும் சொல்லுவான்.

கேலன் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் நாலடியில் ஆர்டிஸ் நின்றாள். தாடையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது.

“இவளைத் தள்ளிப் போகச் சொல்லுங்க,” என்றான்.

“யாரை? ஆர்டிஸையா?” என்றாள் ஜெனீவ். “அவ என்னடா செஞ்சா உன்னை? ரெண்டு பேரும் பேய் அறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறீங்க.”

“காலையிலேர்ந்து பின்னாடியே வர்றா. பேச மாட்டேங்கறா, போக மாட்டேங்கறா.” திரும்பி அவள் முகத்துக்கு நேரே கத்தினான். அந்த மெல்லிய குரலில் அப்படி ஒரு சத்தம் இருந்தது யாருக்குமே தெரியாது. “ஆமாடி, பார்த்தேன்! கிண்ணத்துல உன்னைப் பார்த்தேன்! கை காட்டினேன்! போதுமா? இப்ப எம் பின்னாடியிருந்து போறியா?”

ஜெனீவின் கையில் கத்தி அப்படியே நின்றது. டெல்மர் காதிலிருந்து கருவியைக் கழற்றினான்.

“என்ன சொன்னே கேலன்?”

கேலன் நாற்காலியில் சரிந்தான். மெதுவாகச் சொன்னான்: “அவ முழுசா ஓடினா. நான் பொய் சொன்னேன். பஸ் ஓட்டுறவ கிட்டத் தோத்துட்டியான்னு கடையில வர்றவங்க எல்லாம் கேப்பாங்களேன்னு இருந்துது. ஒரு நாள் சொல்லிரலாம்னு நெனச்சேன். அப்புறம் அந்த கோச் வேலையும் வந்துடுச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

இதற்காகத்தான் ஆர்டிஸ் பதினொரு வருஷம் காத்திருந்தாள். கேட்டாயிற்று. அவளுக்கு அது போதவில்லை.

“டெல்மர், பட்டனை அமுக்கு,” என்றாள். “அவன் அதுல சொல்லட்டும்.”

“ஆர்டிஸ், வேணாம்,” என்றாள் ஜெனீவ்.

ஆர்டிஸ் கேலனைத்தான் பார்த்தாள். “இன்னும் ஆறு மைல் இருக்கு, கேலன்.”

அவன் அந்த ஆறு மைலை நினைத்துப் பார்த்தான். கையை நீட்டி மைக்கை வாங்கினான். எட்டுக் கூடாரமும் முடிவிடத்தில் பியரும் சாஸேஜுமாக நின்றிருந்த ஊரும் கேட்க, தன் பெயரைச் சொல்லி, வருஷத்தைச் சொல்லி, அன்று சொன்னது பொய் என்று சொன்னான். டெல்மர் பட்டனை விட்டான்.  மேப்பிள் மரத்தில் எதுவோ கொத்திக்கொண்டிருந்தது.

கேலன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இன்னும் நேரம் இருந்தது. பத்து மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். நொண்டிக்கொண்டே பாதையில் இறங்கினான். பத்தடி போனதும் பின்னால் காலடி கேட்டது.

நின்றான். திரும்பினான். “சொல்லிட்டேனே ஆர்டிஸ். நீ விட்டுடறேன்னு...”

“நான் எதுவும் சொல்லல. ஆறு மைல் இருக்குன்னுதான் சொன்னேன்.”

அவன் அவளைப் பார்த்தபடி நின்றான். பிறகு சட்டையில் குத்தியிருந்த எண் சீட்டை நாலு ஊக்கும் கழற்றி எடுத்தான். திரும்ப நடந்து வந்து, அதை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தான். “எனக்கு ஒரு வண்டி வரச் சொல்லு,” என்றான் டெல்மரிடம். இருபதாவது தடவை என்பது அந்த இடத்தோடு முடிந்துபோயிற்று.

“போதும் ஆர்டிஸ்,” என்றாள் ஜெனீவ். அவள் கண் கலங்கியிருந்தது, கோபத்திலா இரக்கத்திலா என்று தெரியவில்லை.

“பதினோரு வருஷமா அவன்கிட்ட யாரும் போதும்னு சொல்லலையே,” என்றாள் ஆர்டிஸ். ஒரு துண்டு தர்பூசணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ஆறு மைல்தான் அன்றைக்கு மிக மோசமாக இருந்தது. முன்னால் முதுகு இல்லை. எதை வைத்து ஓடுவது என்று காலுக்குத் தெரியவில்லை. பாம்பு முதுகின் மேல் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள். பின்னாலிருந்து வந்த இளவட்டங்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். பத்து மணி நேரம் நாற்பது நிமிஷத்தில் கோட்டைத் தாண்டியபோது சிலர் கை தட்டினார்கள், சிலர் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெர்லின் அவளைத் தூக்கவில்லை. அருகில் வந்து, கைக்குட்டையை நனைத்து, தாடையைத் துடைத்துவிட்டான்.

“சொல்ல வெச்சே, சரி,” என்றான் மெதுவாக. “அதுக்கப்புறமும் பின்னாடி போனியாமே?”

“போனேன்.”

அவன் தட்டில் சாஸேஜ் வைத்துக் கொடுத்தான். அவள் மூன்று சாப்பிட்டாள்.

கமிட்டி கூடி, பழைய பட்டியலில் அவள் பெயரை மறுபடி முதலாவதாக எழுதியது. கல் நடும் பேச்சு நின்றது. ஆகஸ்டில் கேலன் கோச் வேலையை விட்டான்; பள்ளிக்கூடம் அவளுக்குக் கடிதம் எழுதியது. இந்தத் தடவை கடிதம் இரண்டே வரி, ஐயம் எதுவும் இல்லை. அவள் ஏற்றுக்கொண்டாள். பஸ்ஸை வேறொருவன் ஓட்ட, பிள்ளைகளோடு இறங்கிப் போனாள். முதல் வாரமே அத்தனை பிள்ளைகளின் தோளையும் தளர்த்தி விட்டாள்.

ஆனால் ஊர் அவளை முன்பு போலப் பார்க்கவில்லை. பொய் சொன்னவனை மன்னித்தவர்கள், விடாமல் துரத்தியவளை மன்னிக்கவில்லை. ஜெனீவ் சர்ச்சில் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஊரார் கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் ஆர்டிஸ் உள்ளே நுழைந்தால் ஒரு மேஜையாவது பேச்சை நிறுத்தும். தன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை இருபது மைல் தள்ளிப் போய் வேறு கடையில் வாங்கினாள். இதையெல்லாம் நினைத்து அவள் வருத்தப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு மாலை, பிள்ளைகளை முன்னால் ஓட விட்டு, அவர்களுக்குப் பின்னால் மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள். எதிரே கேலன் வந்தான். முழங்கால் அறுவை முடிந்து, கைத்தடியோடு நடை பழகிக்கொண்டிருந்தான். பாதையில் ஒருவர்தான் போகலாம். அவன் ஓக் இலைக் குவியலுக்குள் ஒதுங்கி நின்றான்.

“பொண்ணுங்க நல்லா ஓடுறாங்க,” என்றான்.

“ஓடுறாங்க.”

அவள் தாண்டப் போனபோது அவன் சொன்னான்: “நான் செஞ்சதுக்கு எனக்கு அது வேணும்தான். அதைப் பத்தி நான் பேசல. மைக்ல சொன்னப்புறம், அந்தக் கடைசி ஆறு மைல் மட்டும் நீ என்னை விட்டிருக்கலாம் ஆர்டிஸ்.”

அவள் நின்றாள். அவன் கேட்பது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

“விட்டிருக்கலாம்,” என்றாள். “விட மனசு வரல. இப்பவும் வரல.”

அவன் தலையை ஆட்டினான். மேட்டின் உச்சியிலிருந்து பிள்ளைகள், “கோச், எந்தப் பக்கம்?” என்று கத்தினார்கள். ஆர்டிஸ் இடது பக்கம் கையைக் காட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டி ஏறினாள்.